ஏழாவது பெஞ்சுக்கு ஒரு கட்டம்

ஏழாவது பெஞ்சில் இருப்பவளை எந்தக் கட்டத்தில் போடுவது? நீந்தவில்லை. யாருக்கும் துண்டு பிடித்துக்கொண்டு நிற்கவுமில்லை. ‘இதர’ என்று எழுதிவிடலாம். ஆனால் ஓர் ஆளைப் போய் ‘இதர’ என்று எப்படி எழுதுவது?

இப்படி யோசித்தபடி, அட்டையில் செருகிய தாளோடு அவள் நீச்சல் குளத்தின் பார்வையாளர் பகுதியில் நின்றிருந்தாள். இந்தப் பொழுதுபோக்கு மையத்தின் வரவேற்பு மேசையில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறாள். நாற்பத்தோரு வயதில், பொழுதுபோக்கு மற்றும் ஓய்வுச் சேவை மேலாண்மை என்ற முதுகலைப் படிப்பில் சேர்ந்தாள். இப்போது இரண்டாம் வருடம். ஆய்வுக்கு வேலை பார்க்கும் இடத்தையே எடுத்துக்கொண்டாள். பன்னிரண்டு வாரம், செவ்வாயும் வியாழனும் மாலை நான்கிலிருந்து ஆறு மணி வரை, கால் மணிக்கு ஒருமுறை கட்டிடத்தைச் சுற்றி வந்து, யார் எங்கே என்ன செய்கிறார்கள் என்று குறிக்க வேண்டும். தாளில் ஐந்து கட்டங்கள்: நீச்சல், ஆட்டம், உடற்பயிற்சி, காத்திருப்பு, இதர. காத்திருப்பு என்று போட்டால், யாருக்காக என்றும் எழுத வேண்டும்.

ஏழாவது பெஞ்சில் மஞ்சள் குடையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தவளிடம்தான் தாள் சிக்கிக்கொண்டது.

படிப்பில் சேர்ந்த அன்று வீட்டில் ஒரே சிரிப்பு. நாத்தனார்தான் ஆரம்பித்து வைத்தாள். “பொழுதுபோக்குக்கு முதுகலையா அண்ணி? அப்ப உங்க தம்பி பிறக்கும்போதே டாக்டர் பட்டத்தோட பிறந்தவரு!” அவளும் சேர்ந்து சிரித்தாள். கணவர் மட்டும், “விளையாட்டுப் படிப்புன்னாலும் பரீட்சை உண்டாமே” என்று பரிந்து பேசினார். அது பரிவா கிண்டலா என்று அவளுக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அவள் மனத்துக்குள் இருந்ததைச் சொன்னால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள், பயந்திருப்பார்கள்: எனக்கு எப்படி ஓய்வாக இருப்பதென்று தெரியவில்லை, எங்காவது சொல்லிக்கொடுக்கிறார்களா என்று பார்க்கப் போகிறேன்.

சுற்றோடு சேர்த்துக் கேட்க அவள் தயாரித்திருந்த கேள்வித்தாள் முதல் வாரமே காலை வாரிவிட்டது. ‘உங்கள் ஓய்வை எப்படிச் செலவிடுகிறீர்கள்?’ என்பது முதல் கேள்வி. பாடப்புத்தகத்திலிருந்து அவளே தமிழாக்கியது. பிள்ளைகளை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டு உட்கார்ந்திருந்த அம்மாக்களிடம் அதைப் படித்தாள்.

முதல் பெஞ்சுக்காரியின் முகம் சுருங்கியது. “ஓய்வா? எனக்கு முப்பத்தாறுதாங்க ஆகுது. பாத்தா ரிடயர் ஆகுற வயசாவா தெரியுது?”

அடுத்தவள், “அவருக்கு இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருக்குங்க” என்றாள்.

மூன்றாமவள் பதறிப்போனாள். “டாக்டர் ஓய்வெல்லாம் எடுக்கச் சொல்லல. லேசா சளி, அவ்வளவுதான்.”

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் உட்கார்ந்து கேள்வியை மாற்றினாள். ‘சும்மா இருக்கிற நேரத்துல என்ன பண்ணுவீங்க?’ அது இன்னும் மோசமாகப் போயிற்று.

“சும்மாவா? நானா?” முதல் பெஞ்சுக்காரி குளத்திலிருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். “எங்க வீட்டுக்காரர்தான் உங்ககிட்ட சொல்லிவிட்டாரா?”

கேள்வித்தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டாள். கேட்டால் கிடைக்காது, பார்த்துத்தான் எழுத வேண்டும் என்று முடிவு செய்து சுற்றுக்குக் கிளம்பினாள். அப்படித்தான் ஏழாவது பெஞ்சுக்கு வந்து நின்றாள்.

“யாருக்காகக் காத்திருக்கீங்கன்னு தெரிஞ்சா போதும். பேரு வேணாம். மகளா, மகனா?”

மஞ்சள் குடைக்காரி தாளை எட்டிப் பார்த்தாள். “எழுதியே ஆகணுமா?”

“கட்டம் இருக்கே.”

“மகதான். ஆனா அவ நீச்சலை விட்டு ரெண்டு மாசம் ஆச்சு. பள்ளிக்கூடம் விட்டதும் சிநேகிதி வீட்டுல படிக்கிறா.” குரலைத் தாழ்த்தினாள். “செவ்வாய், வியாழன்னா நாலு மணிக்கு நான் வீட்டுல இருக்க மாட்டேன்னு எல்லாருக்கும் பழகிடுச்சு. அந்தப் பழக்கத்தை எதுக்குக் கலைக்கணும்னு விட்டுட்டேன்.”

“அப்ப இங்க என்ன பண்றீங்க?”

“சும்மா இருக்கேன்.”

கூச்சமில்லாமல் சொன்னாள். அட்டையோடு நின்றவள் வளர்ந்த வீட்டில், புகுந்த வீட்டில், இந்த மையத்தில், எங்கேயும் அந்தச் சொல்லை ஒரு பெண் தன்னைப் பற்றி இப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை. மற்றவர்களைக் குத்தத்தான் அது பயன்பட்டிருந்தது. மேசைக்குத் திரும்பி, அளவுகோல் வைத்து ஆறாவதாக ஒரு கட்டம் வரைந்தாள். மேலே ‘சும்மா’ என்று எழுதினாள். ஆய்வை வழிநடத்தும் பேராசிரியையிடம் காட்டியபோது, அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “வச்சுக்கோங்க. ஆனா கடைசில உங்க மேலாளர் கையெழுத்துப் போட்டாத்தான் கள ஆய்வு முடிஞ்சதா அர்த்தம்” என்றார்.

கட்டம் வந்த பிறகு கண் திறந்துகொண்டது. இரண்டாவது பெஞ்சுக்காரி வகுப்புக்கு அரை மணி முன்னதாகவே வந்துவிடுகிறாள். சளிக்காரி மகன் உடை மாற்றி வந்து நின்ற பிறகும், “இன்னும் ரெண்டு நிமிஷம்டா” என்கிறாள். கைபேசியைக்கூட எடுப்பதில்லை. பன்னிரண்டு வார முடிவில், அந்த ஏழு பெஞ்சுகளில்தான் கட்டிடத்திலேயே அதிக நேரம் ஆட்கள் தங்கியிருந்தார்கள்.

எட்டாவது வாரம் அவளும் ஒருநாள் உட்கார்ந்து பார்த்தாள். வேலை முடிந்திருந்தது, பேருந்துக்கு இருபது நிமிடம் இருந்தது. உட்கார்ந்ததும் சுவர் ஓடுகளை எண்ணத் தொடங்கினாள். பிறகு கைப்பையை ஒழுங்குபடுத்தினாள். பிறகு எழுந்துவிடப் பார்த்தாள்.

“முதல் நாள் அப்படித்தான் இருக்கும்,” மஞ்சள் குடைக்காரி தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். “போகப் போகச் சரியாயிடும்.”

அவள் மறுபடி உட்கார்ந்தாள். தண்ணீர் விளிம்பில் தட்டிக்கொண்டிருந்தது. தன் மூச்சுச் சத்தம் காதில் விழுந்தது. அன்றைய தாளிலேயே, ஆறாவது கட்டத்தில், தனக்கும் ஒரு கோடு போட்டுக்கொண்டாள்.

அறிக்கை கொடுத்த மூன்றாம் நாள் மேலாளர் கூப்பிட்டார். முன்னாள் உயிர்காப்பாளர். இன்னும் சாவிக்கொத்தில் விசில் தொங்கும், அதனால் ஊழியர்களுக்கு அவர் ‘விசில் சார்’. நல்ல மனிதர். அவளுடைய வகுப்புகளுக்காக இரண்டு வருடமாக வேலை நேரத்தை மாற்றிக் கொடுத்தவர்.

“உக்காருங்கம்மா. முழுசா படிச்சேன். கை உலர்த்துற மெஷின் முன்னாடி நிக்கிறவங்களைக்கூட விட்டு வைக்கலையே நீங்க!”

“சுத்துப் பாதையில இருந்துச்சு சார்.”

“ஒரே ஒரு இடம்தான் இடிக்குது. இந்தச் ‘சும்மா’. வெள்ளிக்கிழமை நிர்வாகக் குழு கூட்டம். அந்த ஏழு பெஞ்சையும் எடுத்துட்டு, பன்னிரண்டு உடற்பயிற்சி சைக்கிள் போடலாம்னு கேக்கப் போறேன். பிள்ளைங்க நீந்தட்டும், அம்மாங்க மிதிக்கட்டும். நல்ல காரியம்தானே?”

“நல்லதுதான் சார். வேற இடத்துல போடலாமே?”

“வேற இடம் எங்க இருக்கு? நீங்க அந்தத் தலைப்பை மட்டும் ‘பயனற்ற நேரம்’னு மாத்திக் குடுங்க. எண்ணிக்கையில கை வைக்கவே வேணாம். ஒரு வார்த்தை. உங்க ஆய்வே சொல்லுதுன்னு நான் கூட்டத்துல காட்டிடுவேன்.”

மேசையில் அவளுடைய கள ஆய்வு முடிந்ததற்கான சான்றிதழ்த் தாள் தயாராக இருந்தது. அவர் கையெழுத்துக்கான கோடு காலியாக இருந்தது. அவர் பேனா மூடியைக் கழற்றினார்.

அவர்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. இருபது வருடம் குளக்கரை உயர நாற்காலியில் உட்கார்ந்து, அசையாமல் கிடக்கும் உடலைக் கண்டால் விசில் அடித்துப் பழகியவர். யாராவது அசையாமல் இருந்தால் அவர் கை தானாக வாய்க்குப் போகும். அவரால் வேறு எப்படிப் பார்க்க முடியும்?

“பெஞ்சை எடுத்துட்டா அவங்க எங்க போவாங்க சார்?”

“யாரு?”

“சும்மா இருக்கிறவங்க.”

“அட, சும்மா இருக்கிறதுக்கு இவ்வளவு தூரம் வரணுமா? வீட்டுல இருக்கட்டுமே!” அவர் சிரித்தார்.

அவளுக்கும் சிரிப்பு வந்தது. வீட்டில்! பாவம், இவர் வீட்டில் இருக்கும்போது சும்மாதான் இருப்பார் போலிருக்கிறது. ஏழாவது பெஞ்சை நினைத்தாள். பிறகு, இந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் இன்னொரு இடம், இன்னொரு பன்னிரண்டு வாரம், வீட்டில் இன்னொரு வருடச் சிரிப்பு என்று வரிசையாக நினைத்துப் பார்த்தாள். நினைத்து முடிக்கும்வரை அவசரப்படாமல் இருந்தாள். அதை அந்தப் பெஞ்சில்தான் கற்றுக்கொண்டிருந்தாள்.

“என்ன, மாத்திடறீங்களா? இப்பவே போட்டுத் தந்துடறேன்.”

அவள் அறிக்கையை அவர் பக்கமிருந்து மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“இல்ல சார். அந்த வார்த்தை அப்படியே இருக்கட்டும்.”