அடம்பங்கொடி சுமந்த நாற்காலி

மாதா கோவில் பக்கம் திரும்பி நின்று சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் நாக்கு கருவாடாகட்டும், மணல்மேட்டின் உச்சியில் கடலைப் பார்த்தபடி ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் என் மனைவி சலேத்தம்மாள், சேலையை முட்டிவரை ஏற்றிவிட்டு உப்புக்காற்று வாங்கிக்கொண்டிருக்கிறாள், அந்த மேடு முன்பெல்லாம் நடக்கும், ஆடிக்காற்றில் நாலு அடி, ஒரு காலையில் எங்கள் அடுப்படிக்குள் வந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டது, அதன் பிறகுதான் ஊர் கூடி அடம்பங்கொடி நட்டோம், கொடி வேர்விட்டு மணலைப் பிடித்துக்கொண்டது, கொடியை யாரும் மிதிக்கக் கூடாதென்று கம்பிவேலி வந்தது, வேலிக்குக் காவல் நான், கடலுக்குப் போக இனி ஊரைச் சுற்றி இரண்டு மைல், சலேத்தம்மாளின் முட்டி இரண்டு தெரு தாண்டாது.

கொடிக்கு வேலி போட்டீரே, எனக்கு வழி விட்டீரா ஓய், என்கிறாள், இல்லை, என்றாள், உனக்குத் திறந்தா ஊருக்கே திறக்கணும்டி, ஊரு மிதிச்சா மேடு மறுபடி கஞ்சி கேட்டு வரும், வரட்டுமே, உம்மவிட அது நல்லாப் பேசும், அவள் சொல்வதும் சரி, நான் சொல்வதும் சரி, இரண்டு சரிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பதுதான் அலுப்பு, இடுப்பில் சாவி கனத்துக்கொண்டே இருக்கிறது, கடைசியில் கொடியிடமே கேட்டேன், அது வேலிக்கடியில் நுழைந்து எங்கள் கொல்லைக்கு வந்து அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியின் நாலு காலையும் சுற்றிக்கொண்டது, நாளுக்கு ஒரு சாணாக அதை வேலிக்கு மேலே தூக்கியது, சலேத்தம்மாள் இறங்கவே இல்லை, இறால் உரித்தபடியே போனாள், மழைக்கு முன் உச்சியைத் தொட்டுவிட்டாள், அங்கிருந்து என்னைப் பார்த்துக் கையசைத்தாள், அல்லது ஈ விரட்டினாள்.

வேலியைப் பார்வையிட வந்த அதிகாரி அம்மா அண்ணாந்து பார்த்தாள், தாத்தா, மேல யாரு சேர் போட்டது, கொடிதாம்மா தூக்கிட்டுப் போச்சு, விளையாடாதீங்க தாத்தா, காலடித் தடம் இருக்கா பாருங்கம்மா, பார்த்தாள், இல்லை, தடமில்லை என்று நோட்டில் எழுதிக்கொண்டாள், அந்தச் சேர எடுத்துருங்க, எடுக்கப் போனா கொடிய மிதிக்கணும்லம்மா, அவள் பேனாவை மூடினாள், அவளுக்கும் அலுப்பாகத்தான் இருந்திருக்கும்.

இன்றைக்கும் நாற்காலி அங்கேதான் இருக்கிறது, சிவப்பு வெளுத்துவிட்டது, கால்கள் மணலுக்குள் இறங்கிவிட்டன, கைப்பிடியில் கொடி ஏறி, உட்காரும் இடத்தில் ஊதாப் பூக்கள் கடலைப் பார்த்து விரிந்திருக்கின்றன, நான் கீழே வேலியோரம் சாவியோடு நிற்கிறேன்.

வேலி போட்ட வருடம், சலேத்தம்மாளை அடக்கம் செய்து நாலு வருடம் ஆகியிருந்தது.