கட்டைவிரல் பதக்கம்

நகை செய்யும் வெள்ளித்தூள் களிமண்ணைச் சுட்டால் பத்தில் ஒரு பங்கு சுருங்கும் என்று பாக்கெட்டிலேயே போட்டிருந்தது. கணவனுக்குப் பதக்கம் செய்ய ஆசைப்பட்டவள், அதில் தன் கட்டைவிரலை அழுத்தி, காயவைத்து, தீ தாங்கும் செங்கல்மேல் வைத்து கேஸ் டார்ச்சின் தீயால் சுட்டாள். முதலில் புகைந்தது, பிறகு ஆரஞ்சு நிறத்தில் கனன்றது. ரேகை பிசிறில்லாமல் வெள்ளியாயிற்று.

அதை ஆறவிட்டுக் குப்பை கொட்டப் போனவள், திரும்பி வந்து கதவின் கைரேகைப் பூட்டில் கட்டைவிரலை வைத்தாள். பூட்டு மசியவில்லை. விரலைப் பார்த்தாள். ரேகையே இல்லை, கரண்டியின் முதுகுபோல் வழவழவென்றிருந்தது.

“என்னங்க, நான்தான், கதவைத் திறங்க!”

உள்ளே கணவன் யாரிடமோ சிரிப்பது கேட்டது.

“யாரோ அச்சு அசலா உன் குரல்லயே கூப்பிடறாங்கடி! அது சரி, குப்பை கொட்டிட்டு வர்றதுக்குள்ள எப்படி ஒரு சுத்து இளைச்சே?”