பிரேமலாவின் நான்கு சுரங்கள்

2023ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. அன்று பிரேமலாவின் குரலை, அவளிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், ஒரு கீபோர்டுக்குள் பதிந்து வைத்துக்கொண்டார்கள். நடந்த அநியாயம் இதுதான். இதற்கு மேல் அலங்காரம் தேவையில்லை.

மலேசியாவில், பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு அப்பால் ஒரு செம்பனைத் தோட்டம். அதன் மாரியம்மன் கோயில் திருவிழாவில் இரதம் புறப்படும்போது முதற்பாட்டைப் பாடுபவள் பிரேமலா. ஆறு ஆண்டுகளாக அவளே பாடிவந்தாள். அந்த வெள்ளிக்கிழமை காலை, ரவாங் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு முடிந்த கையோடு, கண்ணெரிச்சலோடு ஒத்திகைக்கு வந்தாள். புக்கிட் செந்தோசாவிலிருந்து அவ்வாண்டுதான் முதன்முறையாக வந்திருந்த கீபோர்டுக்காரன் குமணன் மைக்கை நீட்டினான்.

"அக்கா, மைக் செக் பண்ணணும். சும்மா ஒரு 'ஆ' பாடுங்க. நல்லா நீட்டி."

பாடினாள்.

"இன்னும் கொஞ்சம் மேல லா."

அதையும் பாடினாள். இப்படி நான்கு சுரங்கள். மூன்றாவதைத் தொடங்கும்போது தொண்டை ஒரு கணம் கரகரத்தது. "பரவால்லக்கா, போதும்" என்றான். அவள் வீட்டுக்குப் போய்த் தூங்கினாள்.

மாலையில் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மண்டபத்திலிருந்து அவள் குரல் கேட்டது. குமணனின் விரல்கள் கீபோர்டின் கட்டைகளில் ஓடிக்கொண்டிருந்தன. நான்கு சுரங்களையும் கட்டைகள் முழுவதற்கும் பங்கிட்டுப் பரப்பியிருந்தான். ஒவ்வோர் ஒலியின் வாலையும் அதன் நடுப்பகுதியோடு ஒட்டியிருந்ததால், விரலை எடுக்கும்வரை அக்குரல் மூச்சு வாங்காமல் நீண்டது. மேற்கட்டைகளில் கைக்குழந்தைபோல் கீச்சிட்டது. கீழ்க்கட்டைகளில் ஆண்பிள்ளைபோல் உறுமியது. நடுவில் சந்தேகமில்லை, அவளேதான். மூன்றாம் சுரத்தின் கரகரப்பை வெட்ட மறந்துவிட்டான். அந்தக் கட்டையைத் தொட்டபோதெல்லாம் ஊரறிய அவள் தொண்டை கரகரத்தது.

கோயில் செயலாளர் சேது பூரித்துப்போய் நின்றார். "எப்படிம்மா? இனிமே நீ ஷிப்ட்ட விட்டுட்டு ஓடி வர வேண்டியதில்ல. ஞாயித்துக்கெழம முதற்பாட்டுக்கும் இதையே வெச்சுக்கலாம்."

"என்னையக் கேட்டீங்களாண்ணே?"

"நாலு 'ஆ'வுக்குக் கடுதாசி போட்டா கேப்பாங்க?"

அவள் குமணனிடம் திரும்பினாள். "அழிச்சிரு தம்பி."

"ஐயோ அக்கா! இது பழைய மாடல். சேமிச்சு வெக்கிற எடம் கெட்டுப்போச்சு. கரண்ட் போனா பதிஞ்சது மொத்தமும் போயிரும். அதுக்குப் பயந்துதான் மூணு நாளும் சுவிட்ச்ச அடைக்காமலே வெச்சிருக்கப் போறேன். என் ஒழைப்பையும் பாருங்க."

சுவரில் செருகியிருந்த ப்ளக்கின்மேல் சிவப்பு மையில் 'தொடாதே' என்று எழுதி ஒட்டியிருந்தான்.

சனிக்கிழமை முழுவதும் பிரேமலாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சோற்றை அளைந்தாள்; படுத்தாள்; எழுந்தாள். மண்டபத்துக்கு மூன்று முறை போய், மூன்று முறையும் அந்தச் சிவப்பு மையைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். பிடுங்குவதற்கு ஒரு நொடி போதும். ஆனால் பிடுங்கினால், எடுத்தவனை விட்டுவிட்டு அவளைத் திருடி என்பார்கள். தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளிலிருந்த பிள்ளைகள் அவளைக் கண்டதும் தொண்டையைச் செருமி "ஆ..." என்று நீட்டிவிட்டு ஓடினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அந்தி. ஜோடித்த இரதம் வாசலுக்கு வந்தது. முதற்பாட்டு ஒலிக்காமல் வடத்தை இழுக்கும் வழக்கம் அங்கே இல்லை. கூட்டத்தில் நின்ற பிரேமலா, தோட்டத்து மின்வேலைக்காரர் வீரன் மெயின் சுவிட்சை நோக்கி நடப்பதைக் கண்டாள், திடுக்கிட்டாள்.

வாசலுக்கு நேர் மேலே லயத்துக்குப் போகும் மின்கம்பி. இரதத்தின் கலசம் அதை உரசிவிடக் கூடாதென்று ஒவ்வோர் ஆண்டும் அந்நேரத்தில் மின்சாரத்தை நிறுத்துவார்கள். ஆறு ஆண்டுகளும் முதற்பாட்டை மட்டும் அவள் மைக் இல்லாமல் பாடியது அதனால்தான். அந்தச் சிறு இருட்டு எல்லாருக்கும் அவ்வளவு பழகிப்போயிருந்ததால், சேது உட்பட ஒருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. வெளியூர்க்காரனான குமணனுக்கு எடுத்துச் சொல்லவும் ஆளில்லை.

வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் கேட்டது தானாக நடந்துவிடும். கால்கள் நிற்கவில்லை. மண்டபத்துக்கு ஓடினாள்.

"தம்பி, இப்ப கரண்ட்ட எடுத்துருவாங்க!"

"மெரட்டாதீங்கக்கா. மழகூட இல்ல" என்று சிரித்துக்கொண்டே குமணன் கட்டையை அழுத்தினான். குரல் எழுந்தது, கரகரத்தது, பாதியில் அறுந்தது. விளக்குகளும் அணைந்தன.

"என்னா ஆச்சு? பாட்டு எங்க?" என்று வடம் பிடித்தவர்கள் கத்தினார்கள்.

"பிரேமலாவுக்குப் பேட்டரி தீந்துபோச்சு லா!" என்றது ஒரு குரல். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

சேது வியர்த்து ஓடிவந்தார். "தங்கச்சி, ஒரு வரி பாடிரும்மா. ஜனம் காத்திருக்கு."

"ரெண்டு நாளா கேட்டது யாரு கொரலு, எப்படி எடுத்ததுன்னு எல்லாருக்கும் சொல்லுங்கண்ணே. பாடறேன்."

"இப்பவா?"

"இப்பத்தான். மைக்கு இல்ல, சத்தமாச் சொல்லணும்."

சேது மின்கம்பியை அண்ணாந்து பார்த்தார். அவள் ஓடிவந்து எச்சரித்ததைச் சிரித்து ஒதுக்கிய குமணன்தான் நாற்காலிமேல் ஏறினான். "அது பிரேமலா அக்கா கொரலு! மைக் செக்குன்னு பொய் சொல்லி நான்தான் எடுத்தேன்!"

அவள் பாடினாள். முதல் வரிக்குள்ளேயே மூன்று முறை மூச்சு வாங்கினாள். வடம் அசைந்தது.

மின்சாரம் திரும்பியபோது கீபோர்டில் அவள் குரல் இல்லை. குமணன் அவள் முகத்தைப் பார்க்காமல் கருவியை உறையிலிட்டான். ஆயினும் மறுநாள் காலை சேது தொலைபேசியில் அழைத்தார்: "அடுத்த வருசம் நல்ல மெஷினா எடுத்து, முன்கூட்டியே பதிஞ்சு பத்திரப்படுத்திரலாம்மா. ஒரு மணி நேரம் வந்துட்டுப் போ, போதும்." பிரேமலா தொலைபேசியை வைத்துவிட்டு, அன்றும் உட்காரமாட்டாமல் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தாள்.

இதைப் படிக்கும் நீங்களும் ஏதோ ஒரு கோயில் மண்டபத்தில் நிற்பீர்கள். கட்டைகளிலிருந்து ஒரு மனிதக் குரல் எழுந்தால், அது யாருடையது, அவரைக் கேட்டு எடுத்தீர்களா என்று எல்லாருக்கும் கேட்கும்படி கேளுங்கள். அவர் பெயரைச் சொல்லும்வரை கைதட்டாதீர்கள்; வடத்தையும் தொடாதீர்கள்.