தலையாட்டக் கூடாது

மெக்கானிக்குக்குக் காது மந்தம் என்றால் அவரே நம்பமாட்டார். ஸ்க்ரூடிரைவர் முனையை இன்ஜின்மேல் ஊன்றி, பிடியைக் காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் அழுத்தினால் பேரிங் முனகுவது இன்றைக்கும் துல்லியமாகக் கேட்கும். மனுஷர்கள்தான் வாய்க்குள்ளேயே பேசப் பழகிவிட்டார்கள் என்று சாதித்துவந்தார். கேட்காத பேச்சுக்கெல்லாம் "சரி, சரி" என்று தலையாட்டிவிடுவார்.

டாக்டரம்மா புட்டுப்புட்டு வைத்தார். செவிப்பறைக்குப் பின்னால் மூன்று குட்டி எலும்புகள். அரிசியைவிடச் சின்னதான கடைசி எலும்பு இறுகிப்போய்விட்டது. மண்டையோட்டின் வழியாக வரும் சத்தம் உள்காதுக்கு நேரே போய்விடும். காற்றில் வரும் பேச்சு அந்த எலும்பில் முட்டிக்கொண்டு நிற்கிறது. அதை எடுத்துவிட்டு மெல்லிய பிஸ்டன் ஒன்று வைக்க வேண்டும். பிஸ்டன் என்றதும் அவர் முகம் தெளிந்தது.

அடுத்த மாதம் மகளுக்குக் கல்யாணம். அவளிடம் சம்மதமா என்று கேட்டார், அவள் ஏதோ சொன்னாள், இவர் தலையாட்டினார், தேதியும் குறித்தாயிற்று. நாலு பேர் முன்னால் திருதிருவென்று முழிக்கக் கூடாதே என்றுதான் ஆபரேஷனுக்கே வந்தார்.

மரத்துப்போக ஊசி மட்டும், முழு நினைவு. அவர் முகத்தை மூடிய துணியால், பார்த்துப் புரிந்துகொள்ள யார் உதடும் தெரியவில்லை. தலை கொஞ்சம் அசைந்தாலும் கேட்கிற கொஞ்சமும் போய்விடும் என்று எச்சரித்திருந்தார்கள்.

ட்ரில் மண்டைக்குள் இரைந்து ஓய்ந்தது. ஏதோ டக்கென்றது. கேட்கிறது என்று முந்திக்கொண்டார். கருவி எலும்பில் பட்ட சத்தம் அது, கணக்கில் சேராது என்று டாக்டரம்மா உரக்கச் சொன்னார். பிஸ்டனின் கொக்கி மாட்டவில்லையாம். மறுபடி மாட்டினார்கள்.

அப்புறம், தூரத்திலிருந்து வந்ததுபோல மெல்லிய ஒரு குரல்.

"எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்ப்பா."

அப்படியே திருப்பிச் சொன்னார். அறையில் எல்லோரும் மூச்சுவிட்டார்கள். அவர் மட்டும், இது யார் சொன்னது என்று கேட்டார்.

"உங்க பொண்ணுதான்" என்றார் டாக்டரம்மா, அதே கிசுகிசுப்பில். "காதைச் சோதிக்க, உங்களால ஊகிக்க முடியாத மாதிரி ஒரு வரி அவகிட்ட முன்னாடியே கேட்டு வாங்கினேன். இதை ஏற்கெனவே ரெண்டு தடவை உங்ககிட்ட சொன்னாளாம். சரின்னு தலையாட்டினீங்களாம்."

பழக்கதோஷம், கழுத்து இப்போதும் அசையப் பார்த்தது. பல்லைக் கடித்து அடக்கினார். கண்ணீர் துணியை நனைத்தது.

"அப்பாவுக்குக் கேட்டுடுச்சுன்னு அவகிட்ட சொல்லுங்க" என்றார். "இப்பவே யாராவது போய்ச் சொல்லுங்க."