நான்கு கோணங்களில் அண்ணன்

என் மருத்துவ உரிமம் காலாவதியாக ஆறு நாள்தான் இருந்தது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு முப்பது மணி நேரம் படித்ததற்கான சான்று காட்ட வேண்டும். என்னிடம் இருபத்தெட்டு மணி நேரம் இருந்தது. எல்லாம் கணினியில் ஓடிய பாடங்கள். அதில் எத்தனையை முழுதாகக் கேட்டேன் என்று யாரும் கேட்காதவரை எனக்கு நல்லது. பாடம் ஒரு பக்கம் ஓடும். நான் இன்னொரு பக்கம் எவனுடைய தோளிலோ தையல் போட்டுக்கொண்டிருப்பேன். "இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?" என்று நடுவில் திரை கேட்கும். எங்கள் கம்பவுண்டர் மருந்து எடுத்துக் கொடுத்தபடியே எட்டி 'ஆம்' என்று அழுத்துவார்.

மிச்சம் இரண்டு மணி நேரத்தில் அந்த வித்தை பலிக்காது. கையால் செய்துகாட்ட வேண்டும் என்பது புது விதி. கைபேசி அளவே உள்ள ஸ்கேன் கருவியை நோயாளியின் மார்பில் வைத்து, பத்து நிமிடத்துக்குள் இதயத்தை நான்கு கோணங்களில் திரையில் கொண்டுவர வேண்டும். தவறினால் அடுத்த வகுப்பு மூன்று மாதம் கழித்து. அதுவரை ஒரு காய்ச்சல் மாத்திரைகூட நான் எழுதிக் கொடுக்க முடியாது. என் கிளினிக் கிடங்குத் தெருவின் கடைசியில் இருக்கிறது. மூட்டை தூக்குகிறவர்களின் முதுகுப் பிடிப்பு, நசுங்கிய விரல், தூசி இருமல், எல்லாம் முப்பத்திரண்டு வருடமாக என் தலையில்தான். வேறு டாக்டர் வேண்டுமென்றால் இரண்டு பஸ் மாற வேண்டும். எனக்கு வயது அறுபத்தொன்று. மூன்று மாதம் பூட்டின கதவை இந்த வயதில் மறுபடி திறப்பேன் என்று எனக்கே நம்பிக்கை இல்லை.

பரிசோதிக்க ஒரு ஆளைக் கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள். 'ஒல்லியானவராக இருந்தால் நல்லது' என்று அறிவிப்பிலேயே போட்டிருந்தது. கம்பவுண்டர் வருவதாக இருந்தார். காலையில் வயிற்றுப்போக்கு என்று படுத்துவிட்டார். வீட்டில் சும்மா இருந்தது அண்ணன் ஒருவர்தான்.

"நான் என்ன பண்ணணும்?" என்று கேட்டார்.

"சட்டையக் கழட்டிட்டுப் படுக்கணும்."

"அவ்வளவுதானா? நாப்பது வருஷமா இந்த வேலையத்தான் தேடிட்டு இருந்தேன்."

அவர் மூட்டை தூக்கி என்னை டாக்டராக்கினார் என்று கதை கட்ட மாட்டேன். நான் உதவித்தொகையில் படித்தேன். அவர் தூக்கியதில் வீட்டில் உலை கொதித்தது. அவ்வளவுதான். அதுவே சின்ன விஷயமில்லை.

பயிற்சிக் கூடத்தில் பத்துக் கட்டில்கள். என்னைத் தவிர எல்லோரும் இளம் டாக்டர்கள். அவர்கள் கூட்டிவந்த ஆட்களும் விலா எலும்பை எண்ணலாம் போன்ற கல்லூரிப் பிள்ளைகள். அண்ணன் பக்கத்துக் கட்டிலை ஒரு பார்வை பார்த்தார்.

"அந்தத் தம்பிக்கு மெஷினே வேணாம் போலயே. வெளிச்சத்துல நிக்க வெச்சாலே உள்ள இருக்கறது தெரியும்."

"வாய மூடிட்டுப் படு."

அறுபத்தேழு வயதிலும் அவர் மார்பு கழற்றிப் போட்ட கதவுபோல் கிடந்தது. குளிர்ந்த களிம்பைத் தடவினேன். பயிற்சி கொடுப்பவர் ஒரு இதய மருத்துவர், சின்னப் பெண். கைக்கடிகாரத்தைத் தட்டிவிட்டு, "ஆரம்பிங்க மேடம்" என்றார்.

நெஞ்செலும்புக்கு இடப்பக்கம் கருவியை வைத்து அழுத்தினேன். திரையில் சாம்பல் நிறப் புகை. ஒரு விலா கீழே இறக்கினேன். புகை. மேலே ஏற்றினேன். விலா எலும்பின் கறுப்பு நிழல், அதற்கப்பால் மறுபடி புகை. பக்கத்துக் கட்டிலில் அதற்குள் இரண்டு கோணம் முடிந்து கைதட்டல் கேட்டது.

"என்ன டாக்டரே, இருக்கா இல்லையா?" என்றார் அண்ணன்.

"இருக்கு. பேசாத."

"உன் அண்ணி இல்லவே இல்லன்னு சொல்றா. அவ பக்கம் சாட்சி சேந்துரப் போகுது."

நான்கு நிமிடம் ஓடியிருந்தது. களிம்பில் கருவி வழுக்கியது. நான் அந்தச் சின்னப் பெண்ணைப் பார்த்தேன். "டெஸ்ட்ல நான் சொல்லித்தரக் கூடாது மேடம்" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அவர் முகத்தில் எனக்காக வருத்தம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் உறைத்தது.

கருவியை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். அப்போதுதான் அண்ணனின் கழுத்தைக் கவனித்தேன். நான் அழுத்தியதும் நரம்பு புடைத்தது. தாடை இறுகியது. மார்பு மேலே எழும்பி அப்படியே நின்றது.

இதை நான் ஆறு வயதில் கிடங்கு வாசலில் பார்த்திருக்கிறேன். லாரியின் மேல் நின்று இரண்டு பேர் மூட்டையை வீசுவார்கள். அது முதுகைத் தொடும் நொடியில் கீழே நிற்பவன் மூச்சை இழுத்துப் பூட்டிக்கொள்வான். பூட்டாவிட்டால் முதுகெலும்பு தாங்காது. மூச்சை விட்டவன் முதுகை விட்டான் என்பார்கள் கிடங்கில். அண்ணனின் உடம்புக்கு என் கையும் மூட்டைதான். பாரம் மேலே பட்டதும் அது தன் வேலையைச் செய்தது. காற்று நிரம்பிய நுரையீரல் விரிந்து இதயத்தை மூடிக்கொண்டது. ஸ்கேன் ஒலி காற்றைத் தாண்டாது. நான் இவ்வளவு நேரம் காற்றைத்தான் படம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, மூச்ச விடு."

"விட்டுட்டுத்தானே இருக்கேன்."

"நான் அழுத்தறப்போ புடிச்சிக்கற."

"அப்படியா?" அவருக்கே அது புதுச் செய்தி. விட்டுப் பார்த்தார். நான் அழுத்தியதும் மறுபடி பூட்டிக்கொண்டது. "அது என்னக் கேட்டா புடிக்குது? நான் என்ன பண்ண?"

ஆறு நிமிடம். நான் குனிந்து அவர் காதருகே சொன்னேன்: "அண்ணே, மூட்டைய எறக்கு."

என்னைத் திரும்பிப் பார்த்தார். இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்தார். அடுக்கின் மேல் மூட்டையைச் சரித்துவிட்டு நிமிர்கிறவனின் அந்த நீண்ட 'ஹா' அவர் வாயிலிருந்து வந்தது. மார்பு இறங்கியது.

திரை திறந்தது.

முதலில் தெரிந்தது ஒரு தடித்த சுவர். அது உள்ளே வந்து போய்க்கொண்டிருந்தது. நடுவில் இரண்டு வெள்ளை இதழ்கள், வெங்காயத் தோலைவிடக் கனமிருக்காது, விரிந்து மூடின. விரிந்து மூடின. முப்பத்தாறு வருடமாக நான் ஸ்டெதஸ்கோப்பில் கேட்ட லப்பு டப்பு இதுபோன்ற வால்வுகள் சாத்திக்கொள்ளும் சத்தம் என்று எனக்குத் தெரியும். தேர்வில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் தெருவில் நின்று கதவு சாத்தும் சத்தத்தைக் கேட்டே இத்தனை வருடம் உள்ளே குடியிருப்பவர்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். இப்போதுதான் வீட்டுக்குள் வந்திருக்கிறேன். அண்ணன் நூறு கிலோவை நாற்பது வருடம் முதுகில் ஏற்றியபோதெல்லாம் இந்தத் தோல்கள் கிழியாமல் விரிந்து மூடியிருக்கின்றன. ஒரு நாளைக்கு எத்தனை தரம் என்று மனதில் பெருக்கப் பார்த்தேன். லட்சத்துக்குப் பக்கம் போனதும் விட்டுவிட்டேன்.

"மேடம், மூணு நிமிஷம்தான் இருக்கு."

நினைவு வந்தது. கருவியைத் திருகினேன். இரண்டாவது கோணத்தில் இதயம் வட்டமாகத் தெரிந்தது. ஈரத்துணியைப் பிழிவதுபோல் தன்னைத்தானே முறுக்கிக்கொண்டிருந்தது. மூன்றாவதில், இதயத்தின் நுனியிலிருந்து பார்க்க, நான்கு அறைகளும் ஒன்றாக வந்தன. நான்காவதை விலாவுக்குக் கீழே வயிற்றில் அழுத்திப் பார்க்க வேண்டும். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்க வேண்டும். அதற்கு மூச்சை இழுத்துப் பிடித்தால்தான் இதயம் கீழே இறங்கிவரும்.

"இப்ப ஏத்து அண்ணே."

"எத்தன கிலோ?"

"நூறு."

பூட்டினார். பூட்டியதென்றால் பூட்டியதுதான். அசையாத வயிற்றின் மேல் நான் தேடினேன். கல்லீரலுக்குப் பின்னால் இதயம் வந்து நின்று துடித்தது.

"ஒம்பது நிமிஷம் நாப்பது செகண்ட்" என்று அந்தப் பெண் கடிகாரத்தை நிறுத்தினார். "பாஸ் மேடம்."

நான் கையை எடுக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணும் குனிந்து பார்த்தார். சற்று நேரம் கழித்துத்தான், "மேடம், ஐயா மூச்ச விடலாம்" என்றார். அண்ணனின் முகம் கறுத்துப் போயிருந்தது. நான் சொல்லாமல் விடக்கூடாது என்று அப்படியே கிடந்திருக்கிறார்.

"சுவர் லேசா தடிச்சிருக்கு. பிரஷர் மாத்திரை போடறீங்களா ஐயா?"

"போடறேன்" என்றார் மூச்சு வாங்கியபடி. "ஞாபகம் வந்தா."

பிறகு தலையைத் தூக்கித் திரையைப் பார்த்தார். "இதா?"

"இதுதான்."

விரலைத் திரையருகே கொண்டுபோனார். "இதுக்கு லீவே கெடையாதா?"

"கெடையாது."

"நான் தூங்கறப்போ?"

"அப்பவும்தான்."

அடுத்த ஆளுக்குக் கட்டில் வேண்டும் என்று ஊழியர் களிம்பைத் துடைக்கத் துணி நீட்டினார். அண்ணன் துணியை வாங்கி ஓரமாக வைத்தார். "கொஞ்சம் இருங்க தம்பி" என்றார். "மொதல்ல காட்டின எடத்துல இன்னொரு தரம் வை பாப்பா. நான் சரியாப் பாக்கல."

இடப்பக்கம் சாய்ந்து படுத்தார். நான் நெஞ்செலும்பின் ஓரத்தில் கருவியை வைத்து அழுத்தினேன். நான் சொல்வதற்குள் அவரே மூச்சை விட்டார்.