ஸ்டிக்கருக்குக் கீழே

பதினேழாவது தடவையாகக் கம்ப்யூட்டர் நின்றுபோய் நீலத் திரை வந்தபோது தங்கை கத்தவில்லை. மேசை டிராயரைத் திறந்து நோட்டை எடுத்தாள். தேதி எழுதினாள், மணி பதினொன்று இருபது என்று எழுதினாள், ஃபைல் அனுப்பும்போது என்று எழுதினாள், திரையில் தெரிந்த எழுத்துகளை ஒன்று விடாமல் பார்த்து எழுதினாள். கடைசிக் கட்டத்துக்கு மேலே 'காரணம்' என்று எழுதியிருந்தது. அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு நோட்டை மூடினாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த அண்ணனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலாம் என்றிருந்தது.

அண்ணனைக் கடைத்தெருவில் எல்லோரும் டிரைவர் என்றுதான் கூப்பிடுவார்கள். சைக்கிளில் போனாலே சுவரில் முட்டிக்கொள்கிற ஆளுக்கு இப்படி ஒரு பட்டப்பெயர்! அவருக்கு இருப்பது கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. யார் எந்தக் கோளாறோடு வந்து நின்றாலும், பாதி கேட்கும்போதே "டிரைவர் சரியில்ல, மாத்திடலாம்" என்பார். கம்ப்யூட்டருக்குள் இருக்கிற தாய்ப்பலகையான மதர்போர்டின் பாகங்களுக்கும் விண்டோஸுக்கும் நடுவே பேச்சு நடத்துகிற சின்ன சாஃப்ட்வேர்தான் டிரைவர். அது தப்பாக இருந்தால் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குப் புரியாது, மிஷின் பாட்டுக்குப் படுத்துவிடும். சும்மா சொல்லக் கூடாது, பத்தில் எட்டு தடவை அவர் சொல்வது பலித்துவிடும். பேரும் ஒட்டிக்கொண்டது.

அப்படி எதற்கெடுத்தாலும் டிரைவரைச் சொல்கிற மனுஷன், தங்கை வீட்டு மிஷினுக்கு மட்டும் மாப்பிள்ளையைச் சொன்னார்.

மூன்று மாதத்துக்கு முன்னால் அவரேதான் புது மதர்போர்டு வாங்கிப் போட்டுக் கொடுத்தார். தங்கை வீட்டிலிருந்தே வேலை செய்கிறவள். டாக்டர்கள் பேசி அனுப்புகிற குறிப்புகளைக் கேட்டு, டைப் செய்து, மொத்தமாக ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். அதே வாரத்தில்தான் மாப்பிள்ளைக்கு வேலை போனது. பகலில் பொழுது போகாமல், அவள் எழுந்து போகிற நேரத்தில் ஒரு கார் கேமை ஏற்றி ஓட்டிக்கொண்டிருந்தார். நீலத் திரை வர ஆரம்பித்ததும் அப்போதுதான். ஆறாவது தடவை வந்த அன்றைக்கு, மாப்பிள்ளையின் அப்பா அம்மா ஹாலில் உட்கார்ந்திருக்க, அண்ணன் ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் போட்டபடி சொன்னார்: "மிஷின்ல ஒரு குறையும் இல்ல. வேலவெட்டி இல்லாம கண்டதயும் ஏத்தி வெச்சா இப்படித்தான் ஆகும். அவ உக்காந்து சம்பாதிக்கிறதயும் கெடுத்துட்டுத்தான் விடுவீங்களா மாப்பிள்ள?"

மாப்பிள்ளை எழுந்து நின்றார். "மச்சான், எதுக்கும் ஒரு தடவ டிரைவரப் பாத்துடுங்களேன்" என்றார் மெதுவாக.

"எனக்கே டிரைவர் பாடமா?" என்று அண்ணன் சிரித்தார். மாப்பிள்ளையின் அப்பாவும் கூடச் சிரித்துத் தொலைத்தார். தங்கை நோட்டை எடுத்து, ஆறு வரிகளிலும் 'காரணம்: கேம்' என்று எழுதினாள். அதைப் பார்த்துக்கொண்டே நின்ற மாப்பிள்ளை, மறுநாள் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு நண்பனின் அறைக்குப் போய்விட்டார். இன்றோடு நாற்பது நாள்.

கேமை எடுத்தாகிவிட்டது. மிஷினில் இருந்ததையெல்லாம் அழித்துத் துடைத்து எல்லாவற்றையும் புதிதாகவும் ஏற்றியாகிவிட்டது. ஆனாலும் நீலத் திரை நிற்கவில்லை. இன்றைக்கு இரண்டு மணிக்குள் ஃபைல் போகாவிட்டால் இனிமேல் வேலை கிடையாது என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.

"அண்ணா, நான் கொஞ்சம் படுத்துக்கிறேன். தலை வலிக்குது" என்று தங்கை உள்ளே போனாள்.

அண்ணன் நோட்டைப் பிரித்தார். இத்தனை நாளில் அதை அவர் தொட்டதே இல்லை. பதினேழு வரி. பதினேழிலும் ஒரே பெயர், இன்டர்நெட்டைக் கவனித்துக்கொள்கிற டிரைவருடைய பெயர். பதினேழு தடவையும் பெரிய ஃபைல் அனுப்பும்போதுதான் வந்திருக்கிறது. கேமுக்கும் அதற்கும் ஸ்நானப்பிராப்திகூட இல்லை.

கம்ப்யூட்டர் பெட்டியின் மூடியைக் கழற்றினார். போனிலிருந்த டார்ச்சை அடித்துப் பார்த்தார். போர்டின் நடுவில் மாடல் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அதே பெயரில் போன வருஷம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு முப்பது போர்டு போட்டிருந்தார். அந்த டிரைவர்களைத்தான் பென்டிரைவில் வைத்திருந்தார். பெயர் ஒன்றுதானே என்று இங்கேயும் அதையே ஏற்றினார், துடைத்த பிறகும் அதையே ஏற்றினார். ஒரே பெயரில் இரண்டாவது பதிப்பு போர்டும் வருவதுண்டு. உள்ளே சிப் மாறியிருக்கும், டிரைவரும் வேறு. எந்தப் பதிப்பு என்பதை ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அவர் ஓரத்தைப் பார்த்தார்.

அங்கே அவருடைய கடை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. 'சரிபார்க்கப்பட்டது' என்ற எழுத்து, கீழே அவர் பெயர், போன் நம்பர். ஒட்டியதும் அவர் கைதான்.

நகத்தால் சுரண்டி எடுத்தார். கீழே 2.0 என்று இருந்தது.

போர்டு கம்பெனியின் தளத்துக்குப் போய், சரியான டிரைவரை இறக்கி ஏற்ற இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. அடச்சே, இருபது நிமிஷம்! தங்கையைக் கூப்பிட்டார். அவள் வந்து நின்றுகொண்டே ஃபைலை அனுப்பினாள். எப்போதும் அறுபது சதவீதத்தில்தான் நிற்கும். அறுபது தாண்டியது. எழுபது. அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். நூறு ஆனதும் "போயிடுச்சுண்ணா" என்று சொல்லி முகத்தைத் துப்பட்டாவில் அழுத்தித் துடைத்தாள்.

'மிச்சம் மீதி கேம் ஃபைல் ஒளிஞ்சிருந்துச்சு, எடுத்துட்டேன்.' நாக்கு நுனிவரை வந்துவிட்டது அந்த வாக்கியம். சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது? மிஷின் ஓடும், தங்கைக்கு வேலை இருக்கும், கடைத்தெருவில் அவர் பேர் பேராகவே இருக்கும். மாப்பிள்ளைதான் ஏற்கனவே போய்விட்டாரே.

தங்கை நோட்டைப் பிரித்து, பேனாவை எடுத்தாள். "காரணம் என்னன்னு எழுதட்டும்?"

அவர் கட்டைவிரலைப் பார்த்தார். சுரண்டிய ஸ்டிக்கர் அதில் சுருண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. உதறினால் மற்ற விரலுக்குத் தாவியது.

"நான்தான் பாப்பா."

"என்னது?"

"தப்பான டிரைவர ஏத்தினது நான்தான். ரெண்டு தடவயும். மாப்பிள்ள மேல ஒரு தப்பும் இல்ல."

அவள் எதையும் எழுதவில்லை. பழைய ஆறு வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க சொன்னீங்க. ஆனா எழுதினது நான்தானே" என்றாள். பிறகு, "என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? எல்லார் முன்னாடியும் சொன்னீங்கல்ல, இப்ப அவர்கிட்டயே சொல்லுங்க" என்று போனை எடுத்து நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி மேசைமேல் வைத்தாள்.

மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்காவிட்டால் நல்லது என்று ஒரு கணம் நினைத்தார், அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டார்.

அந்தப் பக்கம் போனை எடுத்த சத்தம். பின்னால் ஏதோ வண்டிகளின் இரைச்சல். "என்னம்மா, மிஷின் மறுபடியும் நின்னுடுச்சா?" என்றது மாப்பிள்ளையின் குரல். "நான் அதத் தொடவே இல்லம்மா. சத்தியமா."

தங்கை வாயைப் பொத்திக்கொண்டு அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் போனை நோக்கிக் குனிந்தார். ஸ்டிக்கர் இன்னும் விரலை விடவில்லை.