நிலக்சனாவைப் பார்க்க வந்த நண்டுகள்

2017ஆம் ஆண்டு மாசி மாதம் பன்னிரண்டாம் திகதி காலை, யாழ்ப்பாணத்துத் தீவுக் கிராமமான நாரந்தனையில் அன்ரனிதாஸின் வீட்டுக்கு நாற்பத்தொரு நண்டுகள் நடந்து வந்தன. எல்லாம் நீலக்கால் நண்டுகள். அந்த இனத்துக்கு நீந்தத்தான் தெரியும், தரையில் நடக்கச் சரியாக வராது. கடற்கரையிலிருந்து கால் மைல் தூரத்தை அவை விடிந்ததிலிருந்து ஏழரை மணிவரை நடந்தன என்றும், வழியில் இரண்டு முறை நின்று இளைப்பாறின என்றும் கண்டவர்கள் சொல்கிறார்கள். படலைக்குக் கீழால் நுழைந்து, முற்றத்தைக் கடந்து, விறாந்தையில் பாயில் படுத்திருந்த மூத்த மகள் நிலக்சனாவைச் சுற்றி வட்டமாக இருந்துகொண்டன. ஒன்றும் அவளைக் கடிக்கவில்லை. கண்களை நீட்டி அவளைப் பார்த்தபடி மத்தியானம்வரை இருந்தன. அவளுக்கு அப்போது பதினைந்து வயது.

அவளுக்குச் சுகமில்லாமல் வருத்தம் தொடங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. முதலில் எழுத்துக் கெட்டது. வகுப்பில் வடிவான எழுத்துக்காரி என்று பெயரெடுத்தவளின் கொப்பியில் எழுத்துகள் சிறுத்துச் சிறுத்து எறும்பு வரிசையாயின. பிறகு கை நடுங்கியது. தேத்தண்ணீரை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி மடியில் சிந்திவிடும். பேச்சுக் குழறி, சாப்பிடும்போது வாயோரம் வழியத் தொடங்கியது. ஒருவர் இரத்தம் குறைவு என்றார், இன்னொருவர் கண்ணூறு என்றார், சோதினைக்குப் படிக்கப் பஞ்சியில், சோம்பலில் நடிக்கிறாள் என்றும் சிலர் சொன்னார்கள். கடைசியாகச் சொன்னதைத் தகப்பனும் நம்பினார். ஒரு நாள் அவள் மீன்குழம்பைச் சட்டியோடு கைதவற விட்டபோது, வலை இழுத்துக் காய்த்துப்போன தன் கையால் அவளுடைய கையில் ஓங்கி அடித்தார். அடி விழுந்த பிறகும் அந்தக் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்தும் அவருக்கு விளங்கவில்லை.

அன்ரனிதாஸின் தொழிலே நண்டுதான். கடலில் தேடிப் பிடிக்கவேண்டியது தானாக வீட்டுக்கு வந்ததில் அவருக்கு முதல் நாள் சந்தோசம். பெட்டியில் போட்டுக் கொண்டுபோய் விற்றுவிட்டு வந்தார். அடுத்த நாள் ஐம்பத்தாறு வந்தன. மூன்றாம் நாள் எழுபதுக்கு மேல் வந்தபோது, மனைவி மேரிசுகந்தி பெட்டிக்கு முன்னால் வந்து நின்றார்.

"இஞ்சேருங்கோ, உதுகளில கை வையாதேங்கோ."

"ஏனப்பா? தானா வந்ததுகள்தானே."

"உங்களைத் தேடியே வந்ததுகள்? பிள்ளையைப் பாக்க வந்ததுகள். வீடு தேடி வந்த ஆக்களைப் பிடிச்சு விக்கிறதே?"

அன்ரனிதாஸ் பெட்டியைக் கீழே வைத்தார். அன்றிலிருந்து வலையில் படுகிற நண்டு சரக்கு, நடந்து வருகிற நண்டு விருந்தாளி என்று அந்த வீட்டில் ஆயிற்று. கொஞ்ச நாளில் கரையோரம் முழுவதும் அப்படியே ஆயிற்று. மேரிசுகந்தி ஒவ்வொரு காலையும் ஒரு வாளி கடல்தண்ணீர் கொண்டுவந்து அவற்றின் முதுகில் தெளித்தார்.

பங்குனியில் நிலக்சனாவால் எழுந்து நிற்க ஏலாமல் போனது. யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கோசலா என்ற டொக்டர், கதையை முதலிலிருந்து சொல்லச் சொல்லி ஆறுதலாகக் கேட்டு எழுதிக்கொண்டார். எல்லாம் சொல்லி முடித்த பிறகு மேரிசுகந்தி எழும்பாமல் கதிரையிலேயே இருந்தார்.

"இன்னொண்டும் இருக்கு டொக்டர். சொன்னால் சிரிப்பியள்."

"சொல்லுங்கோ அம்மா."

"நண்டு வருது. ஒவ்வொரு நாளும் விடியவெள்ளன வந்து பிள்ளைக்குப் பக்கத்தில இருக்குது. ஒரு மாசத்துக்கு மேலாச்சு."

டொக்டர் சிரிக்கவில்லை. நோயாளி சொல்வது எதையும் விடாமல் எழுதவேண்டும் என்று படித்தவர் அவர். 'ஒரு மாதத்துக்கு மேலாக நண்டுகள் வருகின்றன' என்று எழுதிவிட்டு, என்ன நண்டு என்று கேட்டார். நீலக்கால் என்றதும் அவருடைய பேனை நின்றது. மனிதரின் இரத்தத்தில் இரும்பு செய்கிற வேலையை நண்டின் இரத்தத்தில் செம்பு செய்கிறது, அதனால்தான் அது நீலம் என்பது அவருக்கு நினைவு வந்தது. எழுந்துபோய்க் கண் பார்க்கிற விளக்கை நிலக்சனாவின் முகத்துக்கு நேரே பிடித்தார். இரண்டு கண்களிலும் கருவிழியின் ஓரத்தைச் சுற்றி, பழைய செப்புக்காசின் நிறத்தில் மெல்லிய வளையம் ஓடியது. இரத்தம் கொழும்புக்குப் போனது. பதில் வந்தது. வில்சன் நோய்.

டொக்டர் அவர்களுக்கு அதைக் கடதாசியில் படம் கீறி விளங்கப்படுத்தினார். சாப்பாட்டில் கொஞ்சம் செம்பு எல்லாருக்கும் வருகிறது. தேவைக்கு மிஞ்சியதைப் பித்தத்தோடு வெளியே தள்ளுவதற்கு ஈரலின் ஒவ்வொரு கலத்திலும் ஒரு புரதம் வேலை செய்கிறது. ஆயிரத்து நானூற்று அறுபத்தைந்து அமினோ அமிலங்கள் மாலைமாதிரிக் கோத்து ஆனது அந்தப் புரதம். நிலக்சனாவின் மாலையில் ஒரேயொரு மணி மாறிக் கோக்கப்பட்டிருந்தது. அதனால் புரதம் மடியவேண்டிய விதத்தில் மடியாமல், வேலைக்குப் போகாமல், கலத்துக்குள்ளேயே முடங்கிப்போனது. போகவழியில்லாத செம்பு முதலில் ஈரலிலும், பிறகு மூளையிலும் கண்ணிலும் படிந்தது.

"வள்ளத்துக்குள்ள தண்ணி வாறது வழமைதானே அண்ணை," என்றார் டொக்டர் தகப்பனிடம். "இவவின்ர வள்ளத்தில அள்ளி ஊத்த ஆளில்லை. பிறக்கேக்கையே இல்லை. உங்களிட்ட ஒரு பிழையான மணி, அம்மாவிட்ட ஒண்டு. ரெண்டும் பிள்ளையில சேந்திட்டுது. இதில ஒருத்தரிலயும் குற்றமில்லை. இனி இந்தக் குளிசை மருந்து அள்ளி ஊத்தும். செம்பை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு சலத்தோட வெளியில போகும். ஆனால் சீவியம் முழுக்கப் போடவேணும்."

அன்ரனிதாஸ் கடதாசியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நான் அடிச்சனான் டொக்டர்," என்றார். "நடுங்கின கையிலயே அடிச்சனான்."

"உங்களுக்குத் தெரியாதுதானே."

"தெரியாதுதான். ஆனால் அடிச்சனான்."

வீட்டுக்குத் திரும்பிய பேருந்தில், பண்ணைப் பாலத்தில் ஏறியதிலிருந்து நாரந்தனையில் இறங்கும்வரை, மகளின் கையை அவர் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டிருந்தார். அவளும் இழுத்துக்கொள்ளவில்லை.

குளிசை தொடங்கிய முதல் மாதம் நடுக்கம் கூடியது. அப்படி நடக்கக்கூடும் என்று டொக்டர் முன்னரே சொல்லியிருந்தாலும், கண்ணால் பார்க்கும்போது தாங்க முடியவில்லை. இளகிய செம்பு உடம்பெல்லாம் ஓடிய அந்த நாட்களில் நண்டுகள் இருநூறைத் தாண்டின. முற்றத்தில் கால் வைக்க இடமில்லை. குளிசையை நிறுத்துவோம் என்றார் அன்ரனிதாஸ். பாயில் கிடந்த நிலக்சனா வாயைத் திறந்தாள். மூன்று சொற்களைச் சொல்லி முடிக்க அவளுக்கு அரை நிமிடம் பிடித்தது. "நிப்பாட்ட... வேண்டாம்... அப்பா." அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

செம்பு கூடிய சாப்பாடு ஆகாது என்றதால், நண்டும் இறாலும் கணவாயும் ஈரலும் அந்தக் குசினிக்குள் வருவது நின்றது. பல் முளைத்த நாளிலிருந்து நண்டு சாப்பிட்ட அன்ரனிதாஸும் அதை விட்டார். பிள்ளைக்கு முன்னால் இருந்து சாப்பிடத் தொண்டைக்குள் இறங்காது என்றார். வீட்டுக்குப் பின்னால், நிலக்சனாவின் சிறுநீர் போய் ஊறிய மண் பச்சை பூத்தது. அந்த இடத்தில் நின்ற முருங்கையில் ஒரு வருடம் நீல இலை துளிர்த்தது. ஐப்பசியில் நிலக்சனா சுவரைப் பிடித்து நடந்தாள், கிறிஸ்து பிறந்த நத்தார் நாளில் ஒன்றையும் பிடிக்காமல் கோயிலுக்கு நடந்து போனாள். அடுத்த சித்திரையில் தன் பெயரை முழுதாக எழுதினாள். பெரிய எழுத்துகளாக, கோட்டுக்கு வெளியே போகாமல். நண்டுகள் முப்பதாகி, பன்னிரண்டாகி, ஐந்தாகின.

2018 ஆவணியில் ஒரு காலை நண்டுகள் திடீரென்று பத்தொன்பது வந்தன. வந்தவை நிலக்சனாவைக் கடந்து போய், முற்றத்தில் கயிறடித்துக்கொண்டிருந்த இளையவள் அஞ்சலாவைச் சுற்றி இருந்தன. அவளுக்கு ஒன்பது வயது. ஒரு காய்ச்சல்கூட வராத பிள்ளை. நண்டுகளில் கயிறு படாமலிருக்க அவள் சிரித்துக்கொண்டு இன்னும் உயரமாகத் துள்ளினாள். மேரிசுகந்தி கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு அன்ரனிதாஸைக் கூப்பிட்டார்.

அன்றே அஞ்சலாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவளுக்கும் வர நாலில் ஒரு பங்கு சாத்தியம் உண்டு என்று டொக்டர் முன்பு சொல்லியிருந்ததையும், மூத்தவளின் அவதியில் அதைத் தள்ளிப்போட்டிருந்ததையும் இருவரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனார்கள். அவளுடைய ஈரலிலும் செம்பு சேரத் தொடங்கியிருந்தது. வேறெங்கும் இன்னும் போகவில்லை. டொக்டர் கோசலா அவளுக்கு நாகக் குளிசை, அதாவது துத்தநாகம் சேர்ந்த குளிசை எழுதினார். நாகம் குடல் கலங்களில் வேறொரு புரதத்தை எழுப்பிவிடும், அது செம்பை வாசலிலேயே மறித்துவிடும் என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "நோய் குணங்குறி காட்ட முன்னம் பிடிக்கிறது லேசில கிடைக்காது அம்மா. உங்களுக்குக் கிடைச்சிருக்கு," என்றார். அஞ்சலாவுக்கு இன்றுவரை கை நடுங்கியதில்லை. பாடசாலை வலைப்பந்தாட்ட அணியில் பந்து எறிவது அவள்தான்.

அடுத்த ஞாயிறு திருப்பலியில் வாசிப்பதற்கு மேரிசுகந்தி ஒரு நன்றியறிதல் எழுதிக் கொடுத்தார். சுவாமியார் அதை முதலில் மனதுக்குள் வாசித்து, ஒரு சொல்லும் மாற்றாமல் சத்தமாக வாசித்தார்: மாதாவுக்கும், டொக்டருக்கும், குளிசை கண்டுபிடித்தவர்களுக்கும், நண்டுகளுக்கும் நன்றி. ஆமென் என்றது கோயில். யாரும் சிரிக்கவில்லை.

2022இல் நாட்டில் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது, மட்டக்களப்பில் இதே வருத்தம் உள்ள, ஒருபோதும் நேரில் காணாத ஒரு பெண் தன் குளிசைகளில் பாதியை எண்ணி நிலக்சனாவுக்குப் பொட்டலமாக அனுப்பினாள். டொக்டர் இருவருக்கும் தொடர்பு ஏற்படுத்திக் கொடுத்திருந்தார். அந்தப் பொட்டலம் வரும்வரை கூடியிருந்த நண்டுகள், அது வந்த இரண்டாம் வாரம் குறைந்தன.

2023 வைகாசியில் முப்பது நண்டுகள் அன்ரனிதாஸின் படலையைத் திரும்பியும் பாராமல் பெருந்தெருவில் ஏறின. அவர் சைக்கிளை எடுத்துப் பின்னால் போனார். முதல் நாள் சரவணை என்ற ஊரோடு நின்றன. இரண்டாம் நாள் வேலணையில், வெங்காயத் தோட்டக்காரர் பரமலிங்கத்தின் வீட்டு வாசலில் போய் இருந்தன. முன்பின் அந்த வளவுக்குள் கால் வைத்திராத அன்ரனிதாஸ் படலையில் நின்று கூப்பிட்டார்.

"என்ன, நண்டு விக்க வந்தனீரோ?" என்று கேட்டபடி பரமலிங்கம் வெளியே வந்தார்.

"இல்லை அண்ணை. உங்கட வீட்டில ஆருக்கும் சுகமில்லையோ?"

பரமலிங்கம் நண்டுகளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். மகள் துஷாந்தி பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டு வந்து எட்டு மாதம். காரணமில்லாமல் அழுகிறாள், ஆட்களை ஏசுகிறாள், பேச்சுத் தடிக்கிறது. மனவருத்தம் என்று நித்திரைக் குளிசை கொடுத்து வைத்திருந்தார்கள். வெளியில் ஒருவருக்கும் சொல்லவில்லை.

"உள்ளுக்கு வாரும்," என்றார் பரமலிங்கம். படலையை அகலத் திறந்தார். "வந்து கதிரையில இரும்."

துஷாந்தியின் கண்ணிலும் வளையம் இருந்தது. இப்போது அவள் மீண்டும் படிக்கப் போகிறாள். ஒவ்வொரு அறுவடைக்கும் வேலணையிலிருந்து ஒரு சாக்கு வெங்காயம் நாரந்தனைக்கு வருகிறது. வேண்டாமென்றாலும் வருகிறது.

அதற்குப் பின் நண்டுகள் நாலு வீடுகளுக்குப் போயிருக்கின்றன. காலைப் பேருந்து அவற்றுக்காக நிற்கிறது. சாரதி எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். கந்தோர் வேலைக்குப் பிந்துகிறதே என்று யாரும் முணுமுணுப்பதில்லை. எந்த ஒழுங்கைக்குள் திரும்புகின்றன என்று மட்டும் யன்னலால் எட்டிப் பார்ப்பார்கள். போன தையில் மண்கும்பானுக்குக் கிட்ட அப்படி நின்றபோது, ஆஸ்பத்திரி இரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நிலக்சனா எழுந்து பையைத் தோளில் போட்டாள்.

"இறங்கப் போறீரோ தங்கச்சி?" என்று கேட்டார் நடத்துநர்.

"ஓம் அண்ணை. ஆர் வீடெண்டு பாத்துச் சொல்லிப்போட்டு அடுத்த பஸ்ஸில வாறன்."

நண்டுகள் மெல்லத்தான் போயின. அவளும் அவற்றின் வேகத்துக்கே, பின்னால் நடந்தாள்.